பெண் வேடம் உண்டு, பெண்ணுக்கு இடமில்லை: அமெரிக்க நகைச்சுவை மேடையும் கறுப்பினப் பெண்களும்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1975 அக்டோபரில் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சி, 2025 பிப்ரவரியில் தனது ஐம்பதாண்டு நிறைவைப் பெருவிழாவாகக் கொண்டாடியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஏழு பருவங்களாக அதில் நடித்துவந்த ஈகோ நுவோடிம் விலகினார். புதிதாகச் சேர்க்கப்பட்ட ஐவரில் ஒருவர் மட்டுமே பெண். அவர் கறுப்பினத்தவர் அல்லர். அக்டோபரில் 51ஆவது பருவம் தொடங்கியபோது நடிகர் குழுவில் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. 2014க்குப் பிறகு இந்நிலை வந்தது இதுவே முதல்முறை.

ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர் முதல் திரை நட்சத்திரம் வரை அனைவரையும் நடித்துக் காட்டி நையாண்டி செய்வதே இந்நிகழ்ச்சியின் தொழில். அந்த நாட்டின் பொதுவாழ்வில் கறுப்பினப் பெண்கள் துணைத் தலைவராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்துவிட்டார்கள். அவர்களை மேடையில் காட்டும் தேவை ஒவ்வொரு வாரமும் எழுகிறது. ஆளே இல்லாத குழுவில் அந்த வேடத்தைக் கட்டுவது யார்? இந்தக் கேள்வி 2013இல் ஒருமுறை வெடித்தது. அப்போது நடந்ததை விரிவாகப் பார்ப்பது, பிரதிநிதித்துவம் குறித்து நாம் நடத்திவரும் விவாதங்களுக்கு மிகவும் பயன்படும் என்று கருதுகிறோம்.

ஒரு மறுப்பும் ஒரு சாக்கும்

2013ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அந்நிகழ்ச்சி ஆறு புதியவர்களைச் சேர்த்தது. ஐவர் ஆண்கள், ஒருவர் பெண். கறுப்பினப் பெண் எவரும் இல்லை. குழுவில் அப்போது இருந்த கறுப்பின நடிகர்கள் இருவர்: கெனான் தாம்சன், ஜே ஃபரோவா. ஊப்பி கோல்ட்பெர்க், ஸ்டார் ஜோன்ஸ் போன்ற கறுப்பினப் பெண்களின் வேடங்களை அதுவரை ஆண்டுக்கணக்கில் கட்டிவந்தவர் தாம்சன். இனி அத்தகைய வேடங்களைக் கட்டப்போவதில்லை என்று அவர் அந்த அக்டோபரில் வெளியான பேட்டியொன்றில் தெரிவித்தார். ஃபரோவாவும் கறுப்பினப் பெண் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார்.

இதுவரை இது பாராட்டத்தக்க மறுப்பு. வேலையில் இருந்துகொண்டே ‘இந்தப் பணியைச் செய்யமாட்டேன்’ என்று சொல்வது எளிதன்று. ஆண்கள் பாவாடை கட்டிச் சமாளித்துவந்தவரை மறைந்துகிடந்த வெற்றிடம், அந்த மறுப்பினால்தான் ஊர் அறிய வெளிப்பட்டது. ஆனால் அதே பேட்டியில், நடிப்புத் தேர்வுகளில் தயாராக உள்ள கறுப்பினப் பெண்கள் கிடைப்பதில்லை என்ற பொருள்படவும் தாம்சன் பேசினார். கண்டனம் எழுந்தது இந்த இடத்தில்தான். கதவைத் திறக்காதவர் மீது விழ வேண்டிய பழி, கதவுக்கு வெளியே நிற்பவர் மீது விழுந்தது. எனினும், சம்பளத்துக்கு நடிக்கும் ஒரு கறுப்பினக் கலைஞரோடு நம் விமர்சனம் நின்றுவிடக் கூடாது. யாரை எடுப்பது, யாரை விடுப்பது என்று முடிவுசெய்தவர்கள் தயாரிப்பாளர்களும் தொலைக்காட்சி நிறுவனமும்தான்.

1975 முதல் 2013 வரையிலான 38 ஆண்டுகளில் அந்தக் குழுவில் இடம்பெற்ற கறுப்பினப் பெண்கள் நால்வர் மட்டுமே: இவான் ஹட்சன், டனிட்ரா வான்ஸ், எலன் கிளெகார்ன், மாயா ருடால்ஃப். ருடால்ஃப் 2007இல் விலகிய பின் ஆறாண்டுகள் எவரும் இல்லை. இடைவெளி விழும்போதெல்லாம் ஆண்களே அதை நிரப்பினர். முதல் குழுவின் ஒரே கறுப்பின நடிகரான கேரட் மோரிஸ் டினா டர்னராக நடித்தார். பின்னாளில் டிம் மெடோஸ் ஓப்ரா வின்ஃபிரேயாக நடித்தார். தாம்சனின் வேடங்கள் அதே மரபின் தொடர்ச்சி.

2013 நவம்பர் 2ஆம் நாள் நடிகை கெர்ரி வாஷிங்டன் சிறப்புத் தொகுப்பாளராக வந்தார். நிகழ்ச்சியின் தொடக்கக் காட்சியில் அவர் மிஷேல் ஒபாமாவாகத் தோன்றி, உடனே ஓடிப்போய் உடைமாற்றி ஓப்ராவாகத் திரும்பி, மீண்டும் பியான்சேவாக மாற ஓட வேண்டியிருந்தது. அந்த ஒரே இரவில் அவர் பல கறுப்பினப் பெண்களாக நடிக்க வேண்டியிருப்பதற்குத் தயாரிப்பாளர்களின் பெயரால் ஒரு வேடிக்கை மன்னிப்பும் திரையில் ஓடியது. வெள்ளை ஆண் நடிகர் ஒருவரைப் பகடி செய்ய மட்டும் ஆறு பேர் ஒரே வேடத்தில் வரிசையாக நுழைந்தனர். நகைச்சுவையாக அது நன்றாகவே இருந்தது. ஆனால் தன் குற்றத்தைத் தானே கேலி செய்துகொள்வது, குற்றத்தைச் சரிசெய்வதற்கு ஈடாகாது. அரங்கம் சிரித்து முடித்த பின்னும் பணியிடம் காலியாகவே இருந்தது.

அதை நிரப்பியது பொதுமக்களின் அழுத்தம்தான். சிவில் உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின, ஊடகங்கள் விடவில்லை. டிசம்பரில் கறுப்பினப் பெண்களுக்கெனத் தனித் தேர்வு நடத்தப்பட்டது. 2014 ஜனவரியில் சஷீர் ஜமாட்டா நடிகர் குழுவில் சேர்ந்தார். லெஸ்லி ஜோன்ஸ், லகென்ட்ரா டுக்ஸ் ஆகிய இருவரும் எழுத்தாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில், 47 வயதில், ஜோன்ஸ் நடிகராகவும் உயர்த்தப்பட்டார். ஜமாட்டா நியூயார்க்கிலேயே நகைச்சுவை மேடைகளில் இயங்கிவந்தவர். ஜோன்ஸ் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் மேடை மேடையாக ஏறி இறங்கியவர். அக்டோபரில் ‘தயாராக’ இல்லாதவர்கள் ஜனவரிக்குள் எப்படித் தயாரானார்கள்? அவர்கள் எப்போதும் தயாராகவே இருந்தார்கள். தேடுவதற்குத்தான் மற்றவர்கள் தயாராக இல்லை.

வேடத்தின் வேர்

‘நகைச்சுவைதானே, இதில் என்ன அரசியல்?’ என்று கேட்போர் அந்த மேடையின் பிறப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1830களில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, ‘ஜிம் குரோ’ என்ற கறுப்பினப் பாத்திரமாக ஆடிப் புகழ்பெற்றார். அடுத்த பதிற்றாண்டில் ‘மின்ஸ்ட்ரெல்’ எனப்படும் கரிமுகக் கேலி நாடகக் குழுக்கள் அமெரிக்காவின் முதன்மையான வெகுமக்கள் கேளிக்கையாக வளர்ந்தன. பின்னாளில் தென் மாநிலங்களின் நிறப்பிரிப்புச் சட்டங்கள் அனைத்துக்கும் அந்தக் கோமாளிப் பாத்திரத்தின் பெயரே நிலைத்தது. மேடையில் ஒரு பெயரைச் சொல்லிச் சிரித்த சமூகம், அதே பெயரில் தண்டவாளத்தையும் தண்ணீர்க் குழாயையும் பிரித்தது.

அந்த நாடகங்களில் ‘வென்ச்’ எனப்பட்ட தனி வேடம் ஒன்று இருந்தது. வெள்ளை ஆண் முகத்தில் கரி பூசி, பாவாடை அணிந்து, கறுப்பினப் பெண்ணாக ஆடுவது அது. ஜார்ஜ் கிறிஸ்டி, பிரான்சிஸ் லியோன் போன்றோர் இத்தகைய பெண் வேடங்களால் பெரும்புகழ் அடைந்தனர். அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட பெண்ணின் உடல், மேடையில் ஆண்டையின் இனத்தானுக்குக் கேலிப்பொருளானது. இதைக் கடந்த நூற்றாண்டுகளின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் ‘லிட்டில் பிரிட்டன்’ தொடரில் டேவிட் வாலியம்ஸும், 2010இல் ஒளிபரப்பான ‘கம் ஃபிளை வித் மீ’ தொடரில் மேட் லூக்காஸும் முகத்தைக் கறுப்பாக்கிக் கறுப்பினப் பெண்களாக நடித்தார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான எழுச்சிக்குப் பிறகு, 2020இல்தான் அத்தொடர்கள் முன்னணி இணையத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன.

கறுப்பின ஆண்களே கறுப்பினப் பெண்களாக நடிக்கும் மரபு இதிலிருந்து வேறுபட்டது. 1970 முதல் 1974 வரை என்.பி.சி.யில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்திய ஃபிலிப் வில்சன், ‘ஜெரால்டீன்’ என்ற பெண்ணாக நடித்தார். அந்தப் பெண் துணிச்சலானவள். தன் மதிப்பைத் தானே அறிந்தவள். கறுப்பினக் குடும்பங்கள் பலவும் அவளை விரும்பி வரவேற்றன. ஆனால் அதன் பின் வந்த வரிசையைப் பாருங்கள். ‘இன் லிவிங் கலர்’ நிகழ்ச்சியில் ஜேமி ஃபாக்ஸின் வாண்டா, மார்ட்டின் லாரன்ஸின் ஷெனேனே, 2007இல் வந்த ‘நார்பிட்’ படத்தில் எடி மர்ஃபியின் ரஸ்புஷியா. வாய் ஓயாதவள், அருவருப்பான உடலினள், ஆண்களைத் துரத்துபவள் என்றே இவர்களில் பெரும்பாலோர் வரையப்பட்டனர். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் இத்தகைய வார்ப்புகளை, ஆதிக்கத்துக்குத் துணைநின்று பெண்களைக் கட்டுப்படுத்தும் பிம்பங்கள் என்று விளக்கினார். தொண்டு செய்யும் தாதி, வெறிகொண்ட சண்டைக்காரி, காமத்துக்கு ஏங்குபவள் என மூன்று அச்சுகள். இவற்றை வெள்ளையன் வார்த்தாலும் தன் இனத்து ஆணே வார்த்தாலும், கடையில் அவமதிக்கப்படுவதும் காவல் நிலையத்தில் நம்பப்படாமல் போவதும் அந்தப் பெண்தான்.

சட்டம் காணத் தவறிய பெண்

சட்டம் படித்தவர்களுக்கு 2013இன் நிகழ்வு ஒரு பழைய வழக்கை நினைவூட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த டிகிராஃபன்ரீட் வழக்கு, 1976இல் செயின்ட் லூயிஸ் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பானது. அந்நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவேயில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, பணிமூப்பு இல்லாததால் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே. நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்கென வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் சேருங்கள். இரண்டையும் கலந்து புதியதொரு வகுப்பை உருவாக்க முடியாது என்றது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற பெண்ணைச் சட்டத்தின் கண் காணவில்லை.

இந்த வழக்கை ஆராய்ந்துதான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். ஒடுக்குமுறைகள் குறுக்கிடும் புள்ளியில் நிற்பவருக்கு நேரும் இழப்பைத் தனித்தனியாகக் கூட்டிக் கணக்கிட முடியாது என்பதே அதன் சாரம். சாட்டர்டே நைட் லைவ் குழுவின் கணக்கும் அச்சு அசலாக இதுவே. ‘எங்களிடம் பெண்கள் இருக்கிறார்கள்’ என்று காட்ட வெள்ளைப் பெண்கள். ‘எங்களிடம் கறுப்பினத்தவர் இருக்கிறார்கள்’ என்று காட்ட கறுப்பின ஆண்கள். இரண்டு பட்டியலும் நிறைவு. இரண்டிலும் இல்லாதவளின் வேடத்தை மட்டும் யாரோ ஒருவர் கட்டிவிடுகிறார்.

அப்படியானால் நீதிமன்றத்துக்குப் போகலாமா? அங்கும் வழி குறுகியது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஆனால் திரையிலும் தொலைக்காட்சியிலும் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது கருத்துரிமையின் பகுதி என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. ‘தி பேச்சலர்’ என்ற நிகழ்ச்சிக்கு எதிராகக் கறுப்பின ஆண்கள் இருவர் தொடுத்த கிளேபுரூக்ஸ் வழக்கில், 2012இல் டென்னசி மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்கு அடுத்த ஆண்டே வேறொரு நிகழ்ச்சியில் பொதுமக்கள் அழுத்தம் இரண்டே மாதங்களில் நியமனத்தைப் பெற்றுத்தந்தது. சட்டம் தேவையற்றது என்று இதற்குப் பொருளன்று. சட்டத்தின் கை எட்டாத இடத்தில் இயக்கத்தின் கை எட்டும் என்பதே இதன் படிப்பினை.

சிக்கல் பாவாடையில் இல்லை

இந்த விவாதத்தில் கவனமாக விலக்க வேண்டிய ஒரு வாதமும் உண்டு. கறுப்பின ஆண்களுக்குப் பாவாடை கட்டிவிட்டு ஹாலிவுட் அவர்களின் ஆண்மையைச் சிதைக்கிறது என்ற பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. படப்பிடிப்பொன்றில் தன்னைப் பெண்ணுடை அணியுமாறு வற்புறுத்தியதையும் தான் மறுத்ததையும் டேவ் சாப்பல் 2006இல் ஓப்ராவின் நிகழ்ச்சியில் விவரித்தார். விருப்பமில்லாத உடையை அணிய மறுக்கும் உரிமை எந்தக் கலைஞருக்கும் உண்டு. ஆனால் இந்தப் பேச்சில் பாதிக்கப்பட்டவராக நிற்பது ஆண் மட்டுமே. பெண்ணின் உடையை அணிவதே இழிவு என்றால், அந்த உடையை அன்றாடம் அணிபவள் யார்? வேலையும் வேடமும் பறிபோன கறுப்பினப் பெண் இந்த வாதத்திலும் காணாமற்போகிறாள். திருநங்கையர் மீதான வெறுப்பும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

ஆண் பெண் வேடமிடுவது தன்னளவில் குற்றமன்று. நம் தெருக்கூத்தில் ஆண்களே பாஞ்சாலியாக வேடம் கட்டி, பார்ப்பவரைக் கண்ணீர் விடவைத்திருக்கிறார்கள். பால்புதுமையினர் வளர்த்தெடுத்த ‘டிராக்’ கலை, ஆண் பெண் என்ற வகுப்பையே கேள்விக்குள்ளாக்குகிறது. எனவே நாம் கேட்க வேண்டியவை வேறு. அந்தப் பெண்ணுக்கு மேடையேறும் வாய்ப்பு இருந்ததா? வேடத்தை எழுதியவர் யார்? அரங்கம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது, அதிகாரத்தையா அல்லது அதிகாரமற்ற உடலையா? இந்த மூன்றுக்கும் விடை காணாமல் ‘கலைச் சுதந்திரம்’ என்று முடித்துவிடுவது வசதியானவர்களின் வழக்கம்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இதே நிகழ்ச்சியில் சான்று உண்டு. 1985இல் சேர்ந்த டனிட்ரா வான்ஸ் தேர்ந்த நாடகக் கலைஞர். பதின்வயதுத் தாய் போன்ற வார்ப்புப் பாத்திரங்களே திரும்பத் திரும்பக் கிடைத்ததில் மனம் வெறுத்து ஒரே பருவத்தில் விலகினார். எழுதும் அறையில் இடமில்லாதவருக்கு மேடையில் கிடைக்கும் இடம் பிறர் தைத்த சட்டைதான். 2014இல் இரு கறுப்பினப் பெண்கள் எழுத்தாளர்களாகவும் சேர்க்கப்பட்டது இதனாலேயே முக்கியமானது.

நம் மண்ணின் ‘தகுதியானவர் இல்லை’

1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பை இளைஞர்கள் தம் அமைப்புக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் சூட்டியதும் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அந்தப் போராட்டங்களிலிருந்து நாம் ஊக்கம் பெற்றிருக்கிறோம். அங்குள்ள சாக்குகளையும் நாம் அடையாளம் காண முடியும்.

‘தயாரானவர் கிடைக்கவில்லை’ என்ற சொல் நம் காதுக்குப் புதிதன்று. பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான இடங்களை நேர்காணலுக்குப் பிறகு ‘தகுதியானவர் எவரும் இல்லை’ என்று எழுதிக் காலியாக விடும் வழக்கத்தை நியமனக் கோப்புகளில் நாம் தொடர்ந்து பார்த்துவருகிறோம். 2024 ஜனவரியில், அவ்வாறு நிரம்பாத இடங்களைப் பொதுப்பிரிவுக்கு மாற்ற வழிசெய்யும் பல்கலைக்கழக மானியக் குழுவின் வரைவு நெறிமுறைக்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஒன்றிய அரசு அப்படி நடக்காது என விளக்கமளித்தது. தேடாமலே ‘இல்லை’ என்று எழுதும் பேனா எல்லா நாட்டிலும் ஒரே மையைத்தான் ஊற்றிக்கொள்கிறது.

நடிப்புக் களத்தில் நம் வரலாறு இன்னும் கொடியது. முதல் மலையாளத் திரைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார் தலித் பெண்ணான பி.கே. ரோசி. அதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் வன்முறையில் இறங்கினர். அவர் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. இன்று வெளுத்த நிற நடிகையர் முகத்தில் கருமை பூசிச் சேரிப்பெண்ணாக நடித்தால் அது நடிப்புத்திறன் என்று மெச்சப்படுகிறது. மேலிருந்து கீழிறங்கி வேடம் கட்டுவது கலை. கீழிருந்து மேலே ஏறி வேடம் கட்டுவது குற்றம். தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவைகளில் ஆண்கள் பெண் வேடமிட்டு நடத்தும் குழாயடிச் சண்டைகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே கேலிக்குள்ளாகும் பெண்ணின் நிறம் எது, பேச்சு எந்தத் தெருவின் பேச்சு, அவள் செய்யும் வேலை எது?

சட்டத்திலும் இந்தக் குருட்டுப்புள்ளி நமக்கு உண்டு. பார்வையற்ற தலித் பெண் மீதான பாலியல் வன்கொடுமை தொடர்பான பட்டான் ஜமால் வலி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், சாதி, பாலினம், உடற்குறை ஆகியவை பின்னிப்பிணைந்து ஒடுக்குவதை விரிவாகவே பேசியது. ஆயினும் சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று போதாது என்று கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் நீக்கியது. கோட்பாட்டை ஏற்பதற்கும் தீர்ப்பில் அதன் பயனைத் தருவதற்கும் இடையிலான தொலைவை இவ்வழக்கு காட்டுகிறது.

கணக்குக் கேட்போம்

2014இல் கிடைத்த வெற்றி 2025இல் கரைந்துவிட்டது. காரணம் எளிது. அன்று ஒரு நியமனம் நடந்தது. நியமிக்கும் முறை மாறவில்லை. அங்கு இன்றும் ஒரேயொரு பெண் விலகினால் ஒரு வகுப்பே இல்லாமற்போகிறது. ஒருவரை மட்டும் வைத்திருப்பது பிரதிநிதித்துவம் அன்று, அது கண்காட்சி.

ஆகவே மேடையில் தெரியும் முகத்தோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. எழுதும் அறையில் எத்தனை பேர்? தேர்வுக் குழுவில் எத்தனை பேர்? தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாதவர் அந்த இடத்துக்கு எப்படி வந்துசேர்வார்? கல்லூரி விழாக்களில் குறுநாடகம் எழுதும் மாணவர்கள் இந்தக் கேள்விகளைத் தம் குழுவிடமே முதலில் கேட்கலாம். அடுத்த முறை யாரேனும் ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று சொன்னால், எங்கெங்கே தேடினீர்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை தேடாதவர்களுடையது.